ஆமை வினாகிரி

எங்கள் பக்கத்துத் தண்ணீர் பார்வைக்கு நல்ல தெளிவு. கிளாஸில் பிடித்து வெயிலுக்குக் காட்டினால் ஒரு தூசி இராது. காய்ந்த பிறகுதான் அதன் குணம் தெரியும். கேத்தலின் அடியில், பைப்பின் வாயில், கண்ணாடியில், எங்கே காய்கிறதோ அங்கே வெள்ளையாக ஒரு பொருக்கை விட்டுப் போகும். முதல் நாள் விரலால் தேய்த்தால் போய்விடும். ஒரு கிழமை விட்டால் நகத்தால் சுரண்ட வேண்டும். ஒரு மாதம் விட்டால் அது கல். ஊரில் அதைக் கல்சியம் என்று சொல்வார்கள். எங்கள் குறிஞ்சிப்பிட்டியில் வீட்டுக்கு வீடு கேத்தலைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு பூசியது போல இருக்கும். யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. நானும் எடுக்கவில்லை, லொட்ஜில் வேலைக்குப் போகும் வரைக்கும்.

யுத்தம் முடிந்து சில வருஷங்களில் கண்டக்குழிக் கடற்கரைப் பக்கம் வெளிநாட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காலில் பலகையைக் கட்டிக்கொண்டு, பெரிய பட்டம் ஒன்றைப் பிடித்தபடி கடலில் ஓடுவார்கள். காற்று அதிகமாக இருக்கும் மாதங்களில்தான் அவர்களுக்குக் கொண்டாட்டம். மீன்பிடிக்கிற நாங்கள் எந்தக் காற்றைத் திட்டினோமோ அந்தக் காற்றைத் தேடி அவர்கள் வந்தார்கள். அவர்களுக்காக லொட்ஜ்கள் எழும்பின. அதில் ஒன்றில் எனக்கு அறைகளைத் துப்புரவு செய்யும் வேலை கிடைத்தது. அப்போது எனக்கு வயது நாற்பதை எட்டியிருந்தது. யுத்த காலத்தில் முஸ்லிம்களை மன்னாரிலிருந்து துரத்த, வள்ளத்தில் வந்து இந்தக் கரையில் இறங்கியபோது பதினைந்து. பிறகு ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போனேன். அவ்வளவுதான் என் படிப்பு.

நான் ஆட்களோடு அதிகம் கதைப்பதில்லை. அறை துப்புரவு செய்வது அதற்குத் தோதான வேலை. ஆட்கள் வெளியே போன பிறகுதான் உள்ளே போவது. அவர்கள் திரும்பி வரும்போது நாங்கள் அங்கே இருந்த அடையாளமே இருக்கக்கூடாது.

ஆறு அறைகள், ஆறு குளியலறைகள். ஒவ்வொன்றிலும் குளிக்கிற இடத்துக்குக் கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். யாரோ கொழும்பில் இருந்தபடி யோசித்துச் செய்தது. அந்தத் தண்ணீரும் அந்தக் கண்ணாடியும் ஒன்றுக்கொன்று ஆகாது. இரண்டு மாதத்தில் கண்ணாடி பனி மூடியது போல ஆகிவிட்டது. மெனேஜர் வந்து பார்த்தார். கையால் காட்டிவிட்டுப் போனார்.

கக்கூஸுக்கு ஊற்றுகிற அசிட் ஒரு போத்தல் இருந்தது. அதைத் தண்ணீரில் கலந்து தேய்த்தேன். கண்ணாடி வெளுத்தது. ஆனால் இரண்டு பைப்புகளின் பளபளப்பான மேல்தோல் புண் ஆறியது போல உரிந்து வந்தது. எனக்கும் மூன்று நாள் இருமல். மெனேஜர் அசிட் போத்தலை எடுத்துக்கொண்டு போய் வேறெங்கோ வைத்துவிட்டார். அதற்குப் பதிலாக எதைப் போடுவது என்று அவரும் சொல்லவில்லை.

சொன்னது சமையல்காரர். சிலாபத்துப் பக்கத்துச் சிங்கள ஆள், கத்தோலிக்கர், முப்பது வயதுக்கு மேல் இருக்கும், நல்ல பருமன். அவருடைய தமிழ் உடைந்த தமிழ். அதைப் பற்றி அவருக்கு வெட்கமே கிடையாது. எனக்குச் சிங்களம் அதைவிடக் கொஞ்சம் நன்றாகவே வந்திருக்கும், வாய் திறந்திருந்தால். அவர் அச்சாறு போடுவதற்கு ஒரு பெரிய கேனில் வினாகிரி, புளிக்காடி, வைத்திருந்தார். ஒரு ஜக்கில் ஊற்றித் தந்தார்.

"அக்கா, இது போட்டுப் பாருங்க. எங்கட வீட்டுக் கேத்தலுக்கு இதுதான். பொல் வினாகிரி. எங்கட மாமா செய்யிறது."

பொல் என்றால் தேங்காய். அந்தளவு சிங்களம் எனக்குத் தெரியும். தேங்காய் வினாகிரி. தேங்காய் உடைக்கும்போது வீணாகப் போகிற தண்ணீரைச் சேர்த்து, புளிக்க வைத்து எடுக்கிறார்கள் என்று நானாகவே எண்ணிக்கொண்டேன். நல்ல யோசனைதான் என்றும் பட்டது. யாரிடமும் கேட்கவில்லை. மன்னாரில் இருந்த காலத்தில் வினாகிரி என்பது கடையில் போத்தலில் வருகிற, தண்ணீர் நிறமான ஒரு சாமான். அதை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று அங்கேயும் நான் கேட்டதில்லை.

இது தண்ணீர் நிறமில்லை. வெளிறிய தேத்தண்ணீர் நிறம். மூக்கைக் கொஞ்சம் தூக்கி அடிக்கும். கண்ணாடியில் தெளித்து, ஒரு வாளித் தண்ணீர் நிரம்புகிற நேரம் விட்டுவிட்டுத் துடைத்தேன். பனி கலைந்தது. முழுதாகப் போகவில்லை. இரண்டாம் தரம் சீலைத்துண்டை நனைத்துக் கண்ணாடியில் அப்படியே ஒட்டவைத்தேன். அரை மணித்தியாலம். பிறகு துடைத்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் துவாய் தெரிந்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். பைப்பின் வாயில் துணியைச் சுற்றி, துணிக்கு வினாகிரி குடிக்கக் கொடுத்து, காலையில் கட்டினால் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவிழ்க்கலாம். பொருக்கு மெதுமையாகி, பழைய பிரஷ் பட்டவுடன் உதிரும். தலைக்குமேல் தண்ணீர் விழுகிற பைப்புக்குச் சீலைத்துணி நிற்காது. அதற்கு ஒரு சொப்பிங் பேக்கில் வினாகிரியை ஊற்றி, பைப்பின் தலையை அதற்குள் விட்டு, இறப்பர் வளையத்தால் கட்டித் தொங்கவிட்டேன். மாட்டுக்கு வைக்கோல் பை கட்டியது போல இருக்கும். கேத்தலில் பாதிக்கு வினாகிரி, பாதிக்குத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால் அடியிலிருக்கும் கல் தட்டுத் தட்டாக எழும்பி மிதக்கும். மீன் நறுக்கிய பலகைக்கும் நல்லது. கடற்காற்றில் உப்புப் படிந்த ஜன்னலை இதால் துடைத்து, பழைய பேப்பரால் உரசினால் போதும். சீமெந்துத் தரைக்கு மட்டும் ஆகாது. ஓர் அறையில் ஊற்றிவிட்டு மறந்துபோனதில், மினுக்கித் தேய்த்த சிவப்புச் சீமெந்து ஒரு தட்டின் அளவுக்கு வெளிறிப்போயிற்று. அதன் மேல் இப்போதும் ஒரு பாய் கிடக்கிறது. கல்லைத் தின்கிற ஒன்று சீமெந்தையும் தின்னும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மெனேஜர் வந்து கண்ணாடியைப் பார்த்தார். அடுத்த கேன் வரும்போது ஒன்றுக்கு இரண்டாக வந்தது. அதில் ஒரு போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது. தலையாட்டினார்.

வீட்டில் கேத்தலைக் கழுவினேன். தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்கிற இடத்துப் பைப்பைக் கழுவினேன். தொழுகிற அறையின் தரைக்கு ஓடு பதித்திருந்தது, அதையும் துடைத்தேன். பக்கத்து வீட்டு ராத்தா வந்து கேத்தலைப் பார்த்துவிட்டுப் புதிதாக வாங்கியதா என்று கேட்டார். சொன்னேன். அடுத்த நாள் அவர் ஒரு வெறும் போத்தலோடு வந்தார். பிறகு அவருக்குப் பக்கத்து வீடு, எதிர்வீடு, மூலைவீடு. நாலு வீட்டுக்கு நான் போத்தலில் ஊற்றிக் கொடுத்து, எப்படிப் பாவிப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். நாலு பேரும் நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டு நின்றார்கள். என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தரம். அது எனக்குப் பிடித்திருந்தது.

இப்படி மூன்று மாதம்.

ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தா வந்தார். அவர் புத்தளத்தில் பரம்பரையாக இருக்கிற ஆள். சிங்களம் தண்ணீர் போல வரும். வாயும் அப்படித்தான். நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்று கொண்டுவந்தது புதுக் கேனிலிருந்து ஊற்றியது. வாசம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

"என்ன தங்கச்சி, ஒரு மாதிரி வாசம் வருது? மாப்பிள்ள குடிக்கத் தொடங்கிட்டாரா?" என்றார், என் புருஷனைச் சொல்லி.

"இது வினாகிரி ராத்தா. நான் தந்தேனே, அதுதான்."

"இத எதுல செய்யிற?"

"பொல் வினாகிரி. தேங்காய்த் தண்ணியில."

"ஆரு சொன்ன தேங்காத் தண்ணி எண்டு?"

சொன்ன ஆள் நான்தான்.

ராத்தா போத்தலை எடுத்து மூக்கில் வைத்தார். பிறகு தூரத்தில் பிடித்தார். "எங்க இருந்து வருது?"

"சிலாபத்துப் பக்கம். சமையல்காரர்ட மாமா செய்யிறார்."

"அந்தப் பக்கம் தென்னையில தேங்கா மட்டுமா இறங்குது? கள்ளு, தங்கச்சி! தென்னங்கள்ள பீப்பாயில ஊத்தி மாசக்கணக்கா வச்சா அதுதான் பொல் வினாகிரி." ராத்தா கதிரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். "அல்லாஹ்வே! கள்ளால கேத்தலக் கழுவி எனக்குத் தேத்தண்ணியும் தந்தீங்களே. இந்த அகதி ஆக்கள் வந்து கடைசியில எங்களுக்குக் கள்ளும் பழக்கிட்டாங்க!"

இருபத்தைந்து வருஷமாக நாங்கள் அகதி ஆக்கள்தான். ராத்தா அதைக் கோபத்தில் சொல்வதில்லை. பகிடிக்குச் சொல்கிறார். அன்று நானும் சிரித்தேன். அவர் போன பிறகு போத்தலை மூடி, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தேன்.

கள்ளு நஜீஸ். அசுத்தம். உடுப்பில் பட்டால் கழுவிவிட்டுத்தான் தொழ வேண்டும். பட்ட உடுப்போடு தொழுதால் அந்தத் தொழுகை நிற்காது, திரும்பத் தொழ வேண்டும். நான் மூன்று மாதமாக அந்த வினாகிரி தெறித்த உடுப்போடு வந்து, அதால் துடைத்த தரையில் நின்று தொழுதிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து நேரம். எனக்குத் தெரியாமல் நடந்தது என்றாலும் தெரிந்த பிறகு விட முடியாது. என்னுடையதாவது என்னோடு போகும். நான் சொல்லிக்கொடுத்த நாலு வீடு இருந்தது. மூலைவீட்டுப் பெண் தன் தொழுகைப் பாயில், முசல்லாவில், விழுந்த கறையைக்கூட அதால்தான் எடுத்தேன் என்று என்னிடம் சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள்.

அடுத்த நாள் நாலு வீட்டுக்கும் போனேன். கொஞ்ச நாளைக்கு அதைத் தொட வேண்டாம் என்றேன். ஏன் என்று இரண்டு பேர் கேட்டார்கள். விசாரித்து வந்து சொல்கிறேன் என்றேன். மூலைவீட்டுப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தால் ராத்தா எனக்கு முன்பே அங்கே போய் வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

எங்கள் பள்ளிவாசல் மௌலவியாரின் மனைவி பெண்களுக்கு ஓதிக் கொடுக்கிறவர். நாங்கள் அவரை டீச்சர் என்போம். என்னைவிடப் பத்து வயது இளையவர். கிழமைக்கு ஒருநாள் அவருடைய வீட்டில் பெண்கள் கூடுவார்கள். அந்த நாளில் போய் எல்லார் முன்னிலையிலும் கேட்க எனக்கு வரவில்லை. ஆள் இல்லாத ஒரு காலையில் போனேன். டீச்சர் கேட்டுவிட்டு, திரைக்கு உள்ளே பார்த்து விஷயத்தைச் சொன்னார். உள்ளே மௌலவியார் இருந்தார். அவருடைய குரல் மட்டும் வந்தது.

"கள்ளு தானாவே புளிச்சு வினாகிரியா மாறினதா, இல்லாட்டி ஏதும் போட்டு மாத்தினதா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தெரியாது என்று தலையாட்டினேன்.

"தெரியாதாம்."

"அதத் தெரிஞ்சுக்கொண்டு வரச் சொல்லுங்க. தானா மாறினதெண்டா அது சுத்தம், ஒரு பிரச்சினையும் இல்ல. ஏதும் போட்டு மாத்தினதெண்டா நம்மட மத்ஹபுச் சட்டத்தில அது சுத்தமாகாது. செய்யிற ஆளிட்டக் கேக்கணும். விக்கிற ஆளிட்ட இல்ல."

கடைசியாகச் சொன்னது எவ்வளவு சரி என்று அன்று பின்னேரமே தெரிந்தது. சமையல்காரரிடம் கேட்கலாம் என்று சமையலறை வாசலில் போய் நின்றேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். தம்பி என்பதற்குச் சிங்களத்தில் மல்லி.

"மல்லி, அந்த வினாகிரி..."

"ஓம் அக்கா!"

"அது கள்ளில செய்யிறதாமே..."

"ஹலால் அக்கா, ஹலால்! சுத்தமா ஹலால்!"

"இல்ல, அதுக்குள்ள ஏதும் போடுறதா எண்டு..."

"போடுறது அக்கா, நல்லாப் போடுறது. போடாதது எண்டாப் போடாதது. உங்களுக்கு எப்படி வேணும்?"

மாமா எப்போது வருவார் என்று மட்டும் கேட்டேன். தேங்காயும் வினாகிரியும் ஏற்றிக்கொண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவாராம். இந்த மாதம் வந்து போய்விட்டார். இன்னும் மூன்று கிழமை.

அந்த மூன்று கிழமையும் லொட்ஜில் கண்ணாடிகள் இருக்கத்தான் செய்தன. வேலைக்கு ஒரு பழைய உடுப்பை வைத்துக்கொண்டேன். கையுறை போட்டேன். வேலை முடிந்ததும் அங்கேயே கழுவி, உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தேன். வீட்டில் கேத்தல், பைப், தரை எல்லாவற்றையும் தண்ணீர் ஊற்றி மூன்று தரம் கழுவினேன். காய்ந்ததும் எல்லாவற்றிலும் வெள்ளை வந்தது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் பழைய ஒன்றைக் கழாவாக, தவறியதற்கு ஈடாக, திரும்பத் தொழத் தொடங்கினேன். பதில் வரும் வரைக்கும் சும்மா இருக்க மனம் வரவில்லை. மாப்பிள்ளை கண்டார். முழங்கால் நோவுக்கு இது நல்லதா என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் களப்பில் மீன்பிடிக்கப் போகிற மனுஷன், பொறுமையான ஆள். "கேட்டுட்டுத் தொழுறதுதானே?" என்றார். கேட்பதைவிடத் தொழுவது எனக்குச் சுலபம் என்பது அவருக்குத் தெரியும்.

மாமாவிடம் சிங்களத்தில் கேட்க வேண்டும். சமையல்காரர் நடுவில் இருந்தால் ஹலால் ஹலால் என்றுதான் வரும். அதனால் ராத்தாவிடம் போய், "இது தானாகப் புளித்ததா?" என்பதைச் சிங்களத்தில் எப்படிக் கேட்பது என்று கேட்டேன்.

"இபேம. தானாவே எண்டதுக்கு இபேம. 'மேக்க இபேம எம்புல் வுணாத?' சொல்லுங்க பாப்பம்."

சொன்னேன்.

"இன்னும் பலத்து. பூனைக்கா கேட்கப் போறீங்க?"

கண்ணாடி துடைக்கும்போது சொல்லிப் பார்த்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து மனதுக்குள் சொன்னேன். மேக்க இபேம எம்புல் வுணாத. மேக்க இபேம எம்புல் வுணாத. மூன்று கிழமையில் அது தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது.

அவர் வந்த நாள் நான் நாலாம் அறையில் இருந்தேன். சின்ன லொறியின் சத்தம் கேட்டது. கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனேன். வயதான, மெலிந்த மனுஷர். சாரமும் வெள்ளைச் சேர்ட்டும். கேனை இறக்கிக்கொண்டிருந்தார். சமையல்காரர் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதும் இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கேனைக் காட்டி, பலத்துக் கேட்டேன்.

"மேக்க இப்பா எம்புல் வுணாத?"

சமையல்காரர் லொறியின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முதுகு குலுங்கியது.

"ஆமையா? அக்கா, ஆமை புளிச்சதா எண்டா கேக்குறீங்க?"

இப்பா என்றால் ஆமை. அதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். திரும்பி நாலாம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிடலாம் என்று இருந்தது. கழாத் தொழுகை இன்னும் எத்தனை பாக்கி என்பது அந்த நேரத்திலும் மனதில் ஓடியது.

மாமா சிரிக்கவில்லை. சமையல்காரரைப் பார்த்துச் சிங்களத்தில் ஒரு சொல் சொன்னார். அவர் கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பிறகு மாமா நல்ல தமிழில் சொன்னார்.

"தமிழ்லயே கேளுங்க, தங்கச்சி. சின்ன வயசில எங்கட கோயில்ல ஜெபம் எல்லாம் தமிழ்லதான். எனக்குத் தெரியும்."

மூன்று கிழமை நான் பாடமாக்கியது வீண். கேட்டேன். "உங்கட வினாகிரியில, அது புளிக்கிறதுக்கு ஏதும் போடுறீங்களா?"

அவருடைய முகம் மாறிவிட்டது. "ஆரும் ஏதும் சொன்னாங்களா?"

"இல்ல..."

"அசிட் கலக்கிற ஆக்கள் இரிக்கிறாங்க. தண்ணியில அசிட்ட ஊத்தி, சீனியக் கருக்கி நிறம் போட்டு, பொல் வினாகிரி எண்டு விப்பாங்க. நான் அந்த வேலைக்குப் போனதில்ல. மரத்தில இருந்து இறங்குறத வடிக்கிறது. பீப்பாயில ஊத்துறது. வாயச் சீலையால கட்டுறது. அதோட என்ட வேலை முடிஞ்சுது. பிறகு அதுட வேலை. ஒண்டும் போடுறல்ல. ஒரு சொட்டுப் போடுறல்ல. ஆருக்குச் சந்தேகமோ அவங்கள வந்து பாக்கச் சொல்லுங்க!"

அவர் சொன்னதுதான் எனக்கு வேண்டிய பதில். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் குரலை உயர்த்திவிட்டிருந்தார். என் கேள்வியைக் களவு பிடிக்கிற கேள்வியாக எடுத்துக்கொண்டார் என்று விளங்கியது. நல்ல மனுஷனை அப்படி விட்டுப் போக முடியாது. அதனால் உள்ளதைச் சொன்னேன். கலப்படம் என்று யாரும் சொல்லவில்லை, இது எங்கள் தொழுகை விஷயம், தானாகப் புளித்தால் எங்களுக்குச் சுத்தம், போட்டுப் புளிக்க வைத்தால் இல்லை, நானும் நாலு வீடும் மூன்று மாதம் பாவித்துவிட்டோம் என்றேன். அந்த வருஷம் நான் கதைத்ததில் அதுதான் மிக நீளமானதாக இருந்திருக்கும்.

அவர் கேட்டுக்கொண்டு நின்றார். கோபம் போய்விட்டது. லொறியின் பலகையில் கையை வைத்து யோசித்தார்.

"ஜெபத்துக்கு எண்டா முழுசாச் சொல்லணும்," என்றார். "போடுறல்ல, அது உண்மை. ஆனா பீப்பாயக் கழுவுறதும் இல்ல. எங்கட அப்பா காலத்துப் பீப்பா. பழசு எடுக்கக்குள்ள அடியில கொஞ்சம் நிக்கும், வழுவழுப்பா, தோல் மாதிரி. அது மேலதான் புதுசு ஊத்துறது. கழுவினா புளிப்புப் பிந்தும். இது உங்களுக்குக் குத்தமோ, குத்தமில்லையோ, எனக்குத் தெரியாது."

அதை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் என்ன என்று பஸ்ஸில் வரும்போது பல தரம் நினைத்தேன். தன் பெயருக்காகப் பேசியபோது ஒண்டும் போடுறல்ல என்பதோடு நின்றவர், எங்கள் தொழுகை என்றதும் அடியில் கிடந்ததையும் எடுத்துச் சொன்னார். இனி நான் முதல் பாதியை மட்டும் கொண்டுபோய்ச் சொல்லலாம். யாருக்கும் தெரியாது. நாலு வீட்டுக்கும் நான் சொன்னது சரியாகிவிடும். ஊரில் உள்ள பைப்பையெல்லாம் வெளுக்க வைக்கிற வினாகிரி, கழுவாத பீப்பாயிலிருந்து வருகிறது என்பதையும் யாரும் அறியத் தேவையில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன். அன்று பெண்கள் கூடுகிற நாள். ஏழெட்டுப் பேர் பாயில் இருந்தார்கள். ராத்தாவும் இருந்தார், மூலைவீட்டுப் பெண்ணும் இருந்தாள். திரும்பி வர நினைத்தேன். "கேட்டீங்களா?" என்று டீச்சர் எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அதனால் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். ஒன்றும் போடுவதில்லை என்பதையும் சொன்னேன். பீப்பாயின் அடியையும் சொன்னேன்.

டீச்சர் திரைக்குள் சொன்னார். புத்தகத்தின் பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"அந்த அடியில உள்ளத அவர் எடுத்துப் போடுறாரா, இல்லாட்டி அது அங்க கிடக்கிறதா?"

இந்த முறை டீச்சர் என்னைப் பார்க்கும் முன்பே எனக்குப் பதில் தெரிந்திருந்தது. "கிடக்கிறது," என்றேன். குரல் திரைக்கு உள்ளே கேட்கிற அளவுக்கு வந்தது.

"கிடக்கிறது எண்டா அது பாத்திரத்தோட சேர்ந்தது. போட்டதா ஆகாது. அது சுத்தம்தான். தொழுத தொழுகையும் சரி. மனசுக்குச் சரியில்லாத ஆக்கள் கடையில விக்கிற வெள்ள வினாகிரிய எடுக்கச் சொல்லுங்க."

வேறொரு மௌலவி வேறு விதமாகச் சொல்லியிருப்பாரோ, எனக்குத் தெரியாது. நான் கேட்டது இவரிடம். மூன்று கிழமையாகத் தொழுத கழாக்களை என்ன செய்வது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவை அப்படியே இருக்கட்டும்.

பாயில் இருந்த பெண்களில் இரண்டு பேர் இந்த வினாகிரியை எங்கே எடுக்கலாம் என்று கேட்டார்கள். மூலைவீட்டுப் பெண் என் பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள். ராத்தா மட்டும் திரும்பி வரும் வழியெல்லாம் சிங்களம் எப்படிப் போயிற்று என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் ஆமைக் கதையைச் சொன்னேன். பாதையில் நின்றுவிட்டார். மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இபேம எண்டு மூணு கிழமையாப் படிப்பிச்சேனே! ஆமையப் புளிக்க வச்சிட்டீங்களே!"

"நீங்க இத்தன நாளும் பாவிக்காமத்தானே இருந்தீங்க ராத்தா?" என்று கேட்டேன்.

"கேத்தலுக்குப் பாவிக்கல்ல." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "ஜன்னலுக்குப் பாவிச்ச. ஜன்னல் தொழப் போறதில்லதானே."

இப்போது எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், அதற்கு ஆமை வினாகிரி என்றுதான் பெயர். கல்யாணமாகி அந்த ஒழுங்கைக்குப் புதிதாக வந்த பெண்கள் அதை ஆமையிலிருந்து எடுக்கிறது என்று நினைத்து ஒருமுறையாவது முகம் சுளிப்பார்கள். ராத்தா அவர்களுக்கு உடனே விளக்கம் சொல்வதில்லை.

மாமா இன்னும் மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். எங்கள் வீடுகளுக்கென்று ஒரு தனிக் கேன் கொண்டுவருகிறார். நான் இருக்கிற அறையைத் தேடி வந்து, வாசலில் வைத்துவிட்டு, நான் ஒன்றும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போவார்.

"அதே பீப்பாதான், தங்கச்சி. ஒண்டும் போடல்ல. கழுவவும் இல்ல."